பம்பு ஏன் நிற்கவில்லை? சில்லுக்குள் எட்டிப் பார்க்கும் கருவி

மாணவர்களே, பள்ளி அறிவியல் விழாவுக்காக, மிளகாய்ச் செடிக்குத் தானாகவே நீர் ஊற்றும் கருவி ஒன்றை நீங்கள் செய்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மண் காய்ந்தால் பம்பு ஓட வேண்டும். 3 விநாடிகளில் நிற்க வேண்டும். சி மொழியில் நிரல் எழுதி, ராஸ்பெர்ரி பை பிக்கோ பலகையில் ஏற்றிவிட்டீர்கள். பம்பு ஓடியது. ஆனால் நிற்கவே இல்லை! தொட்டி வழிந்து மேசை முழுவதும் தண்ணீர். நிரலைப் பத்து முறை படித்தும் தவறு தெரியவில்லை. நாளை விழா. என்ன செய்வீர்கள்?

மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெஞ்சுக்குள் நடப்பதைக் கேட்கிறார். அதுபோல, சில்லுக்குள் நடப்பதைப் பார்க்க ஒரு கருவி உண்டு. அதுதான் யூஎஸ்பி பிழைதிருத்தி.

கருவி எப்படிப்பட்டது?

2023ஆம் ஆண்டு, 12 அமெரிக்க டாலர் விலையில் ராஸ்பெர்ரி பை டிபக் புரோப் வெளிவந்தது. உள்ளங்கையில் அடங்கும் சிறிய பெட்டி. ஒரு பக்கம் யூஎஸ்பி கம்பி கணினிக்குச் செல்லும். மறு பக்கம் மூன்று மெல்லிய கம்பிகள் பிக்கோ பலகைக்குச் செல்லும். வேடிக்கை என்னவென்றால், பிக்கோவில் இருக்கும் அதே ஆர்பி2040 நுண்கட்டுப்படுத்திதான் இந்தப் பெட்டிக்குள்ளும் இருக்கிறது. ஒரு சில்லு இன்னொரு சில்லைச் சோதிக்கிறது!

கணினி யூஎஸ்பி மொழியில் பேசும். பிக்கோவின் செயலியில் இருக்கும் சோதனை வாயிலுக்கு அந்த மொழி தெரியாது. இரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக இருப்பதே இக்கருவியின் வேலை.

மூன்று கம்பிகள் போதுமா?

போதும். முதல் கம்பி கடிகாரத் துடிப்பை அனுப்புகிறது. இரண்டாவது கம்பியில் தகவல் இரு திசைகளிலும் மாறி மாறிச் செல்கிறது. மூன்றாவது, இரு பலகைகளுக்கும் பொதுவான தரைக் கம்பி.

உரையாடல் இப்படி நடக்கும்: கருவி 8 பிட் நீளமுள்ள கேள்வியை அனுப்பும். சில்லு 3 பிட்டில் "சரி" என்று பதில் தரும். பிறகு 32 பிட் தகவலும், அது பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு பிட்டும் செல்லும். இந்த முறையில் நிரலைச் சில்லில் ஏற்றலாம். ஓடும் நிரலை நிறுத்தலாம். நினைவகத்தில் உள்ள எண்களைப் படிக்கலாம்.

இந்த வசதி எப்போதும் இருந்ததில்லை. முன்பு பல சில்லுகளின் முதுகில் சிறிய கண்ணாடிச் சாளரம் இருக்கும். பழைய நிரலை அழிக்க, அந்தச் சாளரத்தின் வழியே பல நிமிடங்களுக்குப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்ச வேண்டும். ஒரு சிறு தவறைத் திருத்தவும் அவ்வளவு காத்திருப்பு!

அச்சிட்டுப் பார்த்தால் போதாதா?

"நிரல் நடுவே மாறியின் மதிப்பைத் திரையில் அச்சிட்டுப் பார்க்கலாமே" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல வழிதான். ஆனால் அதற்கும் நேரம் செலவாகும். விநாடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் ஓர் எழுத்தை அனுப்ப 10 பிட் தேவை. அப்படியானால் 20 எழுத்துகளுக்குச் சுமார் 1.7 மில்லிவிநாடி ஆகும். வேகமாக ஓடும் நிரலில் இந்தத் தாமதமே புதிய பிழையை உண்டாக்கலாம்.

பிழைதிருத்தி வேறு விதமாக வேலை செய்கிறது. "இந்த வரிக்கு வந்ததும் நில்" என்று நிறுத்தப்புள்ளி வைக்கலாம். பிக்கோ செயலியின் ஒவ்வொரு கருவிலும் இதற்கென்றே நான்கு ஒப்பிடும் சுற்றுகள் உள்ளன. செயல்படப்போகும் கட்டளையின் முகவரி, நீங்கள் குறித்த முகவரியோடு பொருந்தியவுடன் செயலி நின்றுவிடும்.

பிழையைப் பிடிப்போம்

உங்கள் நிரலில் 10 மில்லிவிநாடிக்கு ஒரு முறை "எண்ணிக்கை" என்ற மாறி ஒன்று கூடுகிறது. அது 300 ஆனதும் பம்பு நிற்க வேண்டும். 300 × 10 = 3,000 மில்லிவிநாடி, அதாவது 3 விநாடி. கணக்கு சரிதான்.

எண்ணிக்கை கூடும் வரியில், "250ஐத் தாண்டினால் மட்டும் நில்" என்ற நிபந்தனையோடு நிறுத்தப்புள்ளி வையுங்கள். நின்றதும் நிபந்தனையை நீக்கிவிட்டு, ஒவ்வொரு சுற்றாக ஓட்டுங்கள். மதிப்பைக் கவனியுங்கள்: 253, 254, 255... அடுத்தது 256 அல்ல, 0!

அகப்பட்டது பிழை. மாறியை 8 பிட் அளவில் அறிவித்துவிட்டீர்கள். 8 பிட்டில் 0 முதல் 255 வரை 256 மதிப்புகளே அடங்கும். 255க்குப் பிறகு அது மீண்டும் 0 ஆகிவிடும். 300ஐ அது ஒருபோதும் எட்டாது; பம்பும் நிற்காது. மாறியை 16 பிட்டாக மாற்றினால் 65,535 வரை எண்ணலாம். திருத்தம் ஒரே ஒரு சொல்தான்!

கவனம் தேவை

ஒன்று: செயலியை நிறுத்தினால் பம்பு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். முனையில் கடைசியாக என்ன மின் நிலை இருந்ததோ, அதுவே நீடிக்கும். ஓடிக்கொண்டிருந்த பம்பு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே சோதிக்கும்போது பம்பைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் தகுந்த மின்தடையோடு ஓர் எல்இடி விளக்கைப் பொருத்துங்கள்.

இரண்டு: இந்தக் கருவி பிக்கோவுக்கு மின்சாரம் தராது. பிக்கோவுக்குத் தனியாக மின்சாரம் கொடுக்க வேண்டும்.

மூன்று: தரைக் கம்பியை மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் 0 எது, 1 எது என்று இரு பலகைகளும் ஒரே அளவுகோலில் பார்க்க முடியாது.

நிரல் என்ன செய்ய வேண்டும் என்று நாம் நினைக்கிறோமோ, அதைத்தான் காகிதத்தில் படிக்கும்போதும் காண்கிறோம். அது உண்மையில் என்ன செய்கிறது என்பதைப் பிழைதிருத்தி காட்டுகிறது. ஊகிப்பதைவிட அளந்து பார்ப்பதே மேல் என்பது அறிவியலின் பாலபாடம் அல்லவா?

சிந்தித்துப் பாருங்கள்

உங்கள் தோழி, 300 என்ற எல்லையையும் ஓர் 8 பிட் மாறியிலேயே வைத்துவிட்டார். அவருடைய பம்பு நிற்கிறது; ஆனால் செடிக்குத் தண்ணீர் போதவில்லை. பம்பு எவ்வளவு நேரம் ஓடியிருக்கும்?

விடை: 300 − 256 = 44. எல்லை 44 ஆகிவிட்டதால், 44 × 10 = 440 மில்லிவிநாடி. அரை விநாடிகூட இல்லை!