டிஸ்சார்ஜ் ஆன பிறகு: வீட்டுக்கு ஒரு கூகுள் ஷீட்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர் சில நாட்களிலேயே மறுபடியும் அங்கே சேர்க்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். நோயின் கடுமை மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. நிறுத்தச் சொன்ன மாத்திரையைத் தொடர்வது, மறுபரிசோதனைக்குப் போகாமல் விடுவது போன்றவையும் காரணங்களே. இவற்றைக் கவனிக்க உதவும் எளிய ஷீட் ஒன்றை கூகுள் ஷீட்ஸில் உருவாக்குவது எப்படி என்று பார்ப்போம். உதாரணத்துக்கு, ஹார்ட் ஃபெயிலியர் நோயாளி ஒருவரை எடுத்துக் கொள்வோம்.

யார் பொறுப்பு?

அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகேர். அதன் பதிவுகளை ஆராய்ந்து 2009-ல் வெளியான ஆய்வின்படி, டிஸ்சார்ஜ் ஆனவர்களில் 19.6 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் மறுபடியும் சேர்க்கப்பட்டார்கள். அறுவை சிகிச்சை இல்லாமல் சிகிச்சை பெற்று, இப்படித் திரும்பி வந்தவர்களில் பாதிப் பேருக்கு, இடைப்பட்ட நாட்களில் டாக்டரைப் போய்ப் பார்த்ததற்கான பில்லே இல்லை.

எதிர்பார்க்கும் அளவை விட அதிகமானோர் இப்படித் திரும்பி வரும் மருத்துவமனைகளுக்கு, 2012 அக்டோபர் முதல் மெடிகேர் தரும் பணம் குறைக்கப்படுகிறது. ஆனால் மாத்திரை சாப்பிடுவதும் உப்பைக் குறைப்பதும் வீட்டில்தானே நடக்கின்றன? மருத்துவமனை, டாக்டர், நோயாளி, குடும்பம் என எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

பலருக்கும் பங்கு என்றால், அடுத்தவர் பார்த்துக் கொள்வார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடும் ஆபத்தும் உண்டு. நான் வேலை செய்யும் மென்பொருள் துறையில், ஒரு பிழை பதிவானால் அதைச் சரி செய்ய ஒரே ஒருவர் பெயரைக் குறிப்போம். நம் ஷீட்டுக்கும் அதுதான் அடிப்படை.

முதல் ஷீட்: வேலைகள்

புதிய ஷீட்டைத் திறந்து வேலை, யார், எதற்குள், முடிந்ததா என நான்கு தலைப்புகள் கொடுங்கள். கடைசி நெடுவரிசையைத் தேர்வு செய்து இன்செர்ட் மெனுவில் செக்பாக்ஸை கிளிக் செய்யுங்கள். பிறகு வேலைகளை டைப் செய்யுங்கள்.

1. டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள மருந்துகளை வீட்டிலுள்ள மாத்திரைகளுடன் ஒப்பிடுதல். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்க வேண்டும்.
2. மறுபரிசோதனைக்கு அழைத்துச் செல்லுதல். தேதியை டிஸ்சார்ஜ் அன்றே வாங்கிவிடுங்கள்.
3. மாத்திரைகள் தீரும் முன் வாங்குதல்.
4. தினமும் எடை பார்த்து எழுதுதல்.
5. எடை ஏறினால் டாக்டருக்கு போன் செய்தல்.

யார் என்ற இடத்தில் ஒரு வேலைக்கு ஒரு பெயர் மட்டுமே இருக்க வேண்டும். "எல்லோரும்" என்று எழுதாதீர்கள்.

இரண்டாவது ஷீட்: எடை

இந்த நோயில் உடலில் நீர் சேர்வதை, மூச்சு வாங்கும் முன்பே எடை காட்டிக் கொடுக்கலாம். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே மெஷினில் எடை பார்க்க வேண்டும்.

தேதி, எடை, ஒரு நாள் வித்தியாசம், ஏழு நாள் வித்தியாசம் என்று தலைப்புகள் கொடுங்கள். இரண்டாம் நாளின் வித்தியாச செல்லில் சமக்குறி டைப் செய்து, அன்றைய எடையுள்ள செல்லை கிளிக் செய்யுங்கள். மைனஸ் குறி டைப் செய்து, முந்தைய நாள் எடையுள்ள செல்லை கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். செல்லின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் ஃபார்முலா மற்ற வரிசைகளுக்கும் காப்பி ஆகும். நிரப்பாத வரிசைகளில் தெரியும் எண்களைப் பொருட்படுத்த வேண்டாம். ஏழு நாள் வித்தியாசத்தை எட்டாம் நாளிலிருந்து இதே போல் அமையுங்கள்.

அடுத்து ஒரு நாள் வித்தியாச செல்களைத் தேர்வு செய்து, ஃபார்மட் மெனுவில் கண்டிஷனல் ஃபார்மட்டிங் செல்லுங்கள். கிரேட்டர் தேன் என்பதைத் தேர்வு செய்து 1 கொடுத்து, சிவப்பு நிறம் அமையுங்கள். ஏழு நாள் செல்களுக்கு 2 கொடுங்கள். பொதுவாக ஒரே நாளில் சுமார் 1 கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ ஏறினால் தெரிவிக்கச் சொல்வார்கள். உங்கள் டாக்டர் வேறு எண் சொன்னால் அதையே கொடுங்கள்.

ஒரு நாள் எடை எழுதாமல் விட்டால், காலி செல் பூஜ்யமாகக் கணக்கிடப்பட்டு மறுநாள் செல் சிவப்பாகும். அப்படியே விடுங்கள். எடை பார்க்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியட்டும்.

பகிர்ந்து கொள்ளுதல்

ஷேர் பட்டனை கிளிக் செய்து குடும்பத்தினரின் மின்னஞ்சல் முகவரிகளைச் சேருங்கள். எழுதுபவர்களுக்கு எடிட்டர், மற்றவர்களுக்கு வியூவர் போதும். நோயாளியின் விவரம் என்பதால், லிங்க் உள்ள எவரும் பார்க்கும் வசதியைத் தராமல் ரெஸ்ட்ரிக்டட் என்றே வையுங்கள்.

என் பெரியப்பாவுக்கான ஷீட்டில் எடை எழுதுபவர் பெரியம்மா. மருந்து வாங்குபவர் அண்ணன். டாக்டருக்கு போன் செய்பவன் வெளியூரில் இருக்கும் நான். ஒரு நாள் காலை 1.4 கிலோ ஏறி செல் சிவந்திருந்தது. உடனே போன் செய்தேன். டாக்டர் வரவழைத்துப் பார்த்து, நீர் மாத்திரையின் அளவை மாற்றினார். அட்மிஷன் தேவைப்படவில்லை.

கடும் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் இருந்தால் ஷீட்டைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். மற்றபடி, டிஸ்சார்ஜ் பில் தயாராகும் நேரமே இந்த ஷீட்டை நிரப்பப் போதும். யார் என்ற நெடுவரிசையில் ஒரு செல் காலியாக இருந்தாலும், அதை நிரப்பிய பிறகே வீட்டுக்குக் கிளம்புங்கள்.