வீட்டுப்பாட வேளையில் மூன்று மூச்சு

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு மூளை வளர்ச்சி சார்ந்தது, வளர்ப்பின் குறையன்று. ஆயினும் பள்ளியின் புகாரும் ஊரார் பேச்சும் பெரும்பாலும் தாயையே சேர்கின்றன. களைத்த தாய் கடிந்துகொள்ள, குழந்தையின் படபடப்பு மேலும் கூடுகிறது.

1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நாள்பட்ட வலியுடையோர்க்காக ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மனவிழிப்புப் பயிற்சியை இப்பெற்றோர்க்கும் பரிந்துரைக்கிறோம். சினம் எழுகையில் தோள் இறுகுவதையும் மூச்சு விரைவதையும் கவனியுங்கள். மூன்று மூச்சு நிதானமாக விட்டபின் பேசுங்கள். சினத்தை அடக்குவதன்று இது; அது வந்துவிட்டதென்று அறிவது.

சொல்ல எளிது, வீட்டுப்பாட வேளையில் கடினம்! எனவே அமைதியான பொழுதிலேயே பழகுங்கள். மாலையில் வண்டிகள் ஓடாத நம் கடற்கரைச் சாலையில் ஒருவர் குழந்தையோடு ஓடியாட, மற்றவர் சில நிமிடம் அலையோசையை மட்டும் கேட்டிருக்கலாம். பிறகு முறை மாற்றிக்கொள்ளலாம்.

குழந்தையின் மருந்தையோ நடத்தைப் பயிற்சியையோ இதற்காக நிறுத்தலாகாது. உறக்கம் கெட்டு, அழுகை ஓயாத பெற்றோர் தமக்கெனவும் மருத்துவரைக் காண வேண்டும்.