சந்தா கேட்கக் கூசாதீர்கள்

இணையவழியில் சங்க இலக்கியம் வாசித்து விவாதிக்கும் குழு ஒன்றை நண்பர்களோடு நடத்திவருகிறேன். தொடக்கத்தில் எல்லாம் இலவசம். பெயர் கொடுத்தவர்கள் ஏராளம். ஞாயிறு மாலை வருபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான். குறுந்தொகைப் பாட்டொன்றில் பேசுவது தலைவியா தோழியா என்று விவாதம் சூடுபிடிக்கும்போது கூட்டம் முடிந்துவிடும். மறுபடி இணைப்பு அனுப்பினால் பாதிப்பேர் திரும்புவதில்லை. அப்படித்தான் சந்தாப் பேச்சு எழுந்தது.

தமிழைக் காசுக்கு விற்பதா என்று சிலர் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் நம் சிறுபத்திரிகைகள் மூச்சுவிட்டதே சந்தாவில்தான். பாட்டு எல்லோருக்கும் பொது. அதைக் கூடி வாசிக்க ஆகும் செலவைப் பகிர்ந்துகொள்வதில் குறைவொன்றுமில்லை.

ஆண்டுக்கு 600 ரூபாய் என்று வைத்தோம். மாதச் சந்தா வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. 50 ரூபாய்க்காக மாதாமாதம் நினைவூட்டினால் கேட்பவருக்குக் கூச்சம், கொடுப்பவருக்குச் சலிப்பு. தானாகப் பிடித்தம் செய்யும்படி வைத்தாலும், ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு போயாக வேண்டும். சந்தா வந்ததும் பெயருக்கு இருந்தவர்கள் விலகினார்கள். குழு சுருங்கியது, கூட்டம் நிறைந்தது.

பணத்தை நடத்துபவரின் சொந்தக் கணக்கில் வாங்கக் கூடாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதிந்து, அதன் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்கலாம். அவ்வளவு தூரம் போகாதவர்கள் கூட்டுக் கணக்காவது வைத்துக்கொள்ள வேண்டும். மாத முதல் வாரத்தில் வரவு செலவைக் குழுவிலேயே போட்டுவிடுகிறோம்: ஜூம் கட்டணம், ஒலிப்பதிவுகளைச் சேமிக்கும் செலவு, வந்து பேசிய பேராசிரியருக்குத் தந்த சன்மானம், கையிருப்பு. யாரும் கேட்காத மாதத்திலும் போட வேண்டும்.

கட்ட முடியாதவர்கள் விஷயத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் தனியே எழுதினார்: "ஐயா, இந்த வருஷம் ஆஸ்பத்திரிச் செலவு அதிகம். அடுத்த வருஷம் சேர்ந்துக்கறேன்." "அம்மா, நீங்க வழக்கம்போல வாங்க" என்று மட்டும் பதில் போட்டேன். எங்கள் குழுவில் விலக்கு கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. யார் கட்டவில்லை என்பது கணக்குப் பார்க்கும் இருவரைத் தவிர வேறெவருக்கும் தெரியாது. மாணவர்களுக்குச் சந்தாவே கிடையாது.

"காசு கட்டியிருக்கேனே" என்று கூடுதல் நேரம் கேட்பவர்களும் வருவார்கள். விதிகளைப் பணம் வாங்குமுன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்: எவருக்கும் ஐந்து நிமிடம், வசைபாடினால் நீக்கம், நீக்கினால் மீதி மாதங்களுக்கான பணம் திரும்பக் கிடைக்கும்.

அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பிராண்டும் லாரி பிரில்லியன்ட்டும் 1985-இல் தொடங்கிய 'தி வெல்' என்ற கணினிவழி உரையாடல் மன்றம் கட்டணம் வாங்கியே வளர்ந்தது. 2012-இல் அது விற்பனைக்கு வந்தபோது நெடுநாள் உறுப்பினர்களே பணம் போட்டு வாங்கிக்கொண்டார்கள். கட்டியவர்களுக்கு அது தங்கள் இடமாகிவிட்டிருந்தது.

குழு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொகையை நீங்களே முடிவுசெய்து அறிவிக்காதீர்கள். ஓராண்டுச் செலவுக் கணக்கை உறுப்பினர்கள் முன் வையுங்கள். எவ்வளவு என்பதை அவர்கள் சொல்லட்டும்.