அரத்துக்குத் தப்பிய எண்

அன்புள்ள மருமகனே,

போன வாரம் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில், நகைக்கடை வாசலில் துப்பாக்கியோடு நின்ற ஜாகாவைப் பார்த்துவிட்டுக் கேட்டாய்: "முழுத் துப்பாக்கி வைத்திருந்தால் குற்றம், சரி. ஒரே ஒரு பாகத்தை 3டி பிரிண்டரில் எடுத்தால் என்ன மாமா?" உன் அம்மா முறைத்ததில் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

இதே கேள்விக்கு அமெரிக்காவில் பல வருட வழக்கு. அங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, விசையும் சுத்தியலும் பொருந்துகிற சட்டகத்தில் வரிசை எண் இருந்தால் போதும். சட்டத்தின் கண்ணுக்கு அந்தச் சட்டகம்தான் துப்பாக்கி. நீ மோட்டாரில் டயர், கண்ணாடி எதை மாற்றினாலும் சேசிஸ் எண் மாறாதே, அப்படி. வியாபாரிகள் இதில் ஒரு சந்து கண்டார்கள். சில துளைகளை மட்டும் பாக்கி வைத்து, 'இது இன்னும் துப்பாக்கி ஆகவில்லை' என்று எண் இல்லாமலே விற்றார்கள். வீட்டில் துளை போட்டுக்கொள்வது வாங்கியவன் பாடு. வீட்டில் செய்தாலும் மாநில நீதித் துறையிடம் எண் வாங்கிப் பொறிக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா 2016இல் சட்டம் போட்டது. இந்த வழியை அடைக்க மத்திய அரசு 2022இல் விதியைத் திருத்தியது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அதை ஏற்றது.

நம் ஊரில் அந்தச் சந்தே கிடையாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள்ளேயே அதன் பாகங்களையும் அடக்கிவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 7 வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு போனால் 14 வருடம் வரை, கூடவே ஆறுக்குக் குறையாத பிரம்படி. செய்வது, வைத்திருப்பதைவிடப் பெரிய குற்றம்.

சரி, எண்ணைத் தேய்த்துவிட்டால்? மோட்டார் திருடர்கள் கிரைண்டரில் செய்வது இதைத்தான். எனக்குப் பிடித்த இடமும் இதுதான். எண்ணை அச்சுக் குத்தும்போது அடி மேலோடு நிற்பதில்லை. பள்ளத்துக்குக் கீழே இருக்கும் உலோகமும் நசுங்கி இறுகிவிடும். பள்ளம் மறையும்வரை அரம் போட்டாலும் அந்த நசுங்கல் போகாது. அந்த இடத்தை வழவழப்பாக்கி, எஃகாக இருந்தால் தாமிர குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவுவார்கள். நசுங்கிய உலோகம் வேறு வேகத்தில் அரிபடும். மங்கலாக எண் எழும்பி வரும். அலுமினியத்துக்குக் கரைசல் வேறு. ஆழமாகத் தோண்டி எடுத்துவிட்டால் ஒன்றும் வராது. கிளந்தானில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தடயவியல் துறையில் இதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஆர். குப்புசாமி. நீ ரசாயனம் படிக்கத் தயங்குகிறாய் என்பதற்காகவும் சொல்கிறேன்.

எண் மீண்டு வந்தால் மட்டும் போதாது. அதை வைத்துத் தேட எங்கோ ஒரு பதிவேடு வேண்டும். ஜாகாவின் துப்பாக்கி தொலைந்தால் யாரைக் கேட்பது என்று போலீசுக்குத் தெரியும். நீ சொன்ன பிரிண்டர் துண்டுக்கு எந்த ஏட்டிலும் ஒரு வரிகூட இருக்காது. அதுதான் அதில் உள்ள ஆபத்து.

ஜாகாவிடம் போய் எண்ணைக் காட்டு என்று நிற்காதே, விரட்டுவார். செகண்ட் ஹேண்டில் வாங்கினாயே ஒரு மோட்டார், அதன் சேசிஸில் கிரீஸைத் துடைத்துவிட்டு எண்ணைக் கிராண்டோடு ஒப்பிட்டுப் பார். தேய்த்த தடம் தெரிந்தால் ஓட்டாமல் எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
மாமா
பிரிக்ஃபீல்ட்ஸ்