வைத்தியசாலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு மூலை

பாடத்தின் நோக்கம்: வைத்தியசாலைக்கு வரும் பிள்ளைகளுக்கு விளையாட்டும் பராமரிப்பும் ஏன் தேவை என்பதை விளங்கிக்கொள்ளல், கிராம மட்டக் குழுவொன்று அதனைத் தொடங்கும் முறையை அறிதல்.

யார் வருகிறார்கள்?

கல்முனையில் வடக்கு வைத்தியசாலைக்கும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மக்கள் வருகின்றனர். எந்த ஊர் வைத்தியசாலையானாலும் கிளினிக் நாளில் நோயாளருடன் நோயில்லாத பிள்ளைகளும் வருவதுண்டு. கர்ப்பிணித் தாயின் கையைப் பிடித்தபடி மூன்று வயதுப் பிள்ளை வருகிறது. நீரிழிவு கிளினிக்குக்கு வரும் மூத்தம்மாவுடன் பேரப்பிள்ளைகள் வருகின்றனர். அவர்களது உம்மா வேலைக்காக மத்திய கிழக்கில் இருக்கிறார். வாப்பா கடலுக்கோ வயலுக்கோ போயிருப்பார். பிள்ளையை விட்டு வர வீட்டில் ஆளில்லை.

இதனால் துன்பப்படுவது பிள்ளை மாத்திரமல்ல. பசியாலும் அலுப்பாலும் அழும் பிள்ளையைச் சமாளித்துக்கொண்டு, எந்தக் குளிசையை எந்த வேளைக்கு எடுப்பது என்பதை ஒரு மூத்தம்மா எப்படிக் கவனமாகக் கேட்பார்? பிள்ளையை விட்டுவர ஆளில்லாததால் கிளினிக்குக்கே வராமல் விடும் பெண்களும் உண்டு. எனவே பிள்ளை பராமரிப்பு ஓர் ஆடம்பரமன்று. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

பயத்தை விதைப்பது யார்?

"குழப்படி செய்தால் டொக்டரிடம் சொல்லி ஊசி போடுவேன்" என்று பிள்ளையை வெருட்டுவது நம் வீடுகளில் வழக்கம். காய்ச்சல் வந்ததும் அதே டொக்டரிடமே தூக்கிச் செல்கிறோம். பிள்ளை உடம்பை முறுக்கிக் கத்துகிறது. நெஞ்சுச் சத்தத்தைக் கேட்பதும் கடினமாகிறது. அடுத்த முறை, "பிள்ளை பயப்படும், நாளைக்குப் பார்ப்போம்" என்று வீட்டார் தாமதிக்கின்றனர். டெங்கு போன்ற காய்ச்சலில் அந்த ஒரு நாள் தாமதம் உயிராபத்தாகலாம்.

உலகம் கற்றுக்கொண்டது

ஒரு காலத்தில் பிரித்தானிய வைத்தியசாலைகள் பெற்றோரைச் சிறுவர் வாட்டில் தங்கவிடவில்லை. ஜேம்ஸ் றொபர்ட்சன் என்பவர் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி எட்டு நாட்கள் வைத்தியசாலையில் இருந்ததைப் படம்பிடித்து 1952இல் வெளியிட்டார். பிரிவுத் துயரில் அவள் படிப்படியாக ஒடுங்கிப்போனதைப் பலர் அதில் கண்டனர். 1959இல் வெளியான பிளாட் அறிக்கை, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு விளையாட்டு வசதி வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

இது செல்வந்த நாடுகளுக்கே உரியது என்று எண்ண வேண்டாம். ஜமெய்க்காவின் கிங்ஸ்ரன் நகரில் கடும் மந்தபோசணையுற்று வைத்தியசாலையில் இருந்த பிள்ளைகளுடன் நாள்தோறும் விளையாட ஏற்பாடு செய்தார்கள். வீடு திரும்பிய பின்பும் பணியாளர்கள் சென்று தாய்மாருக்கு விளையாட்டு முறைகளைக் கற்பித்தனர். மருந்தும் உணவும் மட்டும் பெற்ற பிள்ளைகளைவிட இவர்களது அறிவு வளர்ச்சி மேம்பட்டிருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 1999இல் வெளியிட்ட கைநூலில், இத்தகைய பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 30 நிமிடம் வரை ஒழுங்கான விளையாட்டு தேவை என்று கூறியது. விளையாட்டுப் பொருட்களை வீட்டில் கழிக்கும் சாமான்களிலேயே செய்யலாம்.

நமது கரைக்கும் இது புதிதன்று. 2004 டிசம்பர் 26 சுனாமி அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டது. அதன்பின் நலன்புரி முகாம்களில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படம் வரையவும் விளையாடவும் விட்டார்கள். பயந்த பிள்ளைக்கு விளையாட்டு எவ்வளவு ஆறுதல் என்பதை அன்று பலர் நேரில் கண்டனர்.

தொடங்குவது எப்படி?

1. அனுமதி: முதலில் வைத்திய அத்தியட்சகரையும் தாதிய பொறுப்பாளரையும் சந்தியுங்கள். வாரத்தில் ஒரு கிளினிக் நாள், காலை வேளை மட்டும் எனச் சிறிதாகக் கேளுங்கள். கிளினிக் வாசலிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடமாக இருக்கட்டும்; வீதிப் பக்கம் வேண்டாம்.

2. ஆட்கள்: எந்நேரமும் இருவர் இருக்க வேண்டும், ஒருவர் தனியே பிள்ளைகளுடன் இருக்கக் கூடாது. முன்பள்ளி ஆசிரியைகளும் மாதர் சங்கத்தினரும் முறை வைத்து வரலாம். இருவருக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். மிகச் சிறிய பிள்ளைகளாயின் இன்னும் குறைவாக எடுங்கள்.

3. பதிவு: பிள்ளையின் பெயர், கூட்டி வந்தவர், அவர் செல்லும் கிளினிக் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதுங்கள். ஒரே இலக்கமிட்ட இரு துண்டுகளில் ஒன்றைப் பிள்ளையின் சட்டையில் குத்தி, மற்றதைக் கூட்டி வந்தவரிடம் கொடுங்கள். அவரைத் தவிர வேறெவரிடமும் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம். துன்புறுத்தல் பற்றிய சந்தேகம் எழுந்தால் பொறுப்பான அதிகாரிக்கு அறிவியுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1929.

4. சுத்தம்: காய்ச்சல், இருமல், வயிற்றோட்டம், கொப்புளம் உள்ள பிள்ளையை மற்றவர்களுடன் சேர்க்காமல், உம்மாவின் மடியிலேயே வைத்து விளையாட ஒரு பொருளைக் கொடுங்கள். பன்பாயைவிடத் துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் பாய் நல்லது. பொருட்களை அன்றன்றே சவர்க்காரமிட்டுக் கழுவிக் காயவிடுங்கள்.

5. பொருட்கள்: அழுத்தித் தேய்த்த சிரட்டை, மூடியிட்ட வெற்றுப் போத்தல், பழைய கலண்டர் படங்கள், ஓலைக் காற்றாடி போதும். மருதமுனைக் கைத்தறித் துணித்துண்டில் செய்த பாவையை ஒரு பிள்ளைக்கே கொடுத்துவிடுங்கள். கொக்கான் கல், புளியங்கொட்டை, பொத்தான் போன்ற, விழுங்கக்கூடிய எதுவும் சிறு பிள்ளைகளிடம் வேண்டாம்.

6. டொக்டர் விளையாட்டு: பாவைக்குக் கட்டுப் போடவும் அதன் நெஞ்சில் காது வைத்துக் கேட்கவும் பிள்ளையை விடுங்கள். அதன் பயம் இப்படித்தான் வெளிவரும். வைத்தியசாலையில் பாவித்த ஊசி, குழாய் எதையும் எடுக்க வேண்டாம். "நோகாது" என்று பொய் சொல்லாதீர்கள். "கொஞ்சம் நோகும், உடனே முடிந்துவிடும், உம்மா பக்கத்தில் இருப்பார்" என்று உண்மையைச் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் பொதுவானது

இம்மூலை எந்தச் சமயத்தின் பிரசார மேடையும் அன்று. இயேசு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிட்டு அணைத்துக்கொண்டார். நபிகள் நாயகம் தொழுகையில் ஸுஜூதில் இருந்தபோது பேரப்பிள்ளை முதுகில் ஏறியதால், அப்பிள்ளைக்காக ஸுஜூதை நீட்டினார் என்பது முஸ்லிம் வீடுகளில் சொல்லப்படும் செய்தி. பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் சபையும் ஆலயப் பங்குச் சபையும் சேர்ந்து பொறுப்பெடுத்தால், தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்து விளையாடும்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. பிள்ளையை விட்டுச்செல்ல ஆளில்லாததால் கிளினிக்கைத் தவறவிட்ட பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்? வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள்.

2. வைத்தியரைக் காட்டிப் பிள்ளையை வெருட்டும் வழக்கத்தை நம் வீடுகளில் எப்படி நிறுத்தலாம்?

3. வாரத்தில் ஒரு காலையைத் தரக்கூடிய நான்கு பேர் நம்மில் யார்? பெயர்களை இன்றே எழுதி, அடுத்த கூட்டத்துக்கு முன் வைத்திய அத்தியட்சகரைச் சந்திக்க நாள் குறியுங்கள்.