எச்சரிக்கை மணியும் பழகிப்போன செவியும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரிக் குளிரில் மாதிரிகளைக் காக்கும் உறைபெட்டி ஒன்று உண்டு. கதவைச் சற்றுத் திறந்தாலே அலறும். நாங்களும் திரும்பிப் பாராமலே பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைத்துவிடுவோம். சென்ற கோடையில் ஓரிரவு நான்தான் அவ்வாறு அடைத்துவிட்டு விடுதிக்குப் போனேன். அன்று உண்மையிலேயே இயந்திரம் பழுதுற்றிருந்தது. விடிந்தபோது, தோழர் ஒருவர் ஈராண்டு சேர்த்த மாதிரிகள் உருகிக் கிடந்தன. அவர் என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

நண்பர்களே, இதே பழக்கம் மருத்துவமனையில் புகுந்தால்? 2013ஆம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் அது புகுந்தது. அங்கேயே பணியாற்றும் டாக்டர் ராபர்ட் வாக்டர் அதனை மறைக்காமல் 2015இல் நூலில் எழுதினார்.

அங்கே மருந்தைச் சீட்டில் எழுதுவதில்லை; கம்ப்யூட்டரில் பதிகிறார்கள். அளவு மீறினாலோ, ஒரு மருந்து மற்றொன்றுக்கு ஒவ்வாவிட்டாலோ திரையில் எச்சரிக்கை தோன்றும். நோயாளி பதினாறு வயதுச் சிறுவன்; எடை 38.6 கிலோ. வேண்டியது செப்ட்ரா 160 மில்லிகிராம், அதாவது ஒரே மாத்திரை. டாக்டரும் 160 என்றே பதிந்தார். ஆனால் திரையில் அலகு, கிலோ ஒன்றுக்கு இத்தனை மில்லிகிராம் என்று நின்றிருந்தது. கம்ப்யூட்டர் என்ன செய்யும்? பெருக்கிற்று. விடை, 38½ மாத்திரை!

எச்சரிக்கை வராமலில்லை. டாக்டருக்கு வந்தது; மருந்தாளருக்கும் வந்தது; இருவரும் தள்ளிவிட்டார்கள். பொட்டலம் கட்டும் இயந்திரத்துக்கு ஐயம் ஏது? நர்ஸ் வியந்தார்; எனினும் பட்டைக்குறியைப் படித்த கருவி, அளவு சரியென்றே காட்டிற்று. சிறுவன் அத்தனையும் விழுங்கினான். சில மணி நேரத்தில் வலிப்புக் கண்டு மூச்சும் நின்றது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

அவர்களை அசட்டை மிக்கவர்கள் என்று ஏச எனக்கு வாய் வரவில்லை. அங்கே மாதம் சுமார் 3,50,000 மருந்துப் பதிவுகள். அவற்றுள் ஏறக்குறையப் பாதிக்கு மருந்தாளர்கள் எச்சரிக்கை பெற்றனர். அளவு இம்மியளவு மிஞ்சினாலும் ஒரே பெட்டி, ஒரே நிறம்; 38½ மடங்கு மிஞ்சினாலும் அதே பெட்டி, அதே நிறம். இத்தகைய எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடு வரை தள்ளப்படுவதாக 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கூறிற்று. அவற்றிற் பல தள்ளத் தக்கவையே என்பதுதான் வேடிக்கை. புலி வருகிறது என்று நாள்தோறும் கூவினால் யார் தடியெடுப்பார்?

தள்ளவே இயலாதபடி திரையைப் பூட்டிவிட்டால் என்ன என்று எனக்கும் தோன்றிற்று. அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினோடு செப்ட்ரா சேர்ந்தால் குருதிப்போக்கு நேரலாம். ஆகவே, இரண்டையும் சேர்த்து எழுத விடாத ஏறக்குறைய முழுப் பூட்டு ஒன்றை அமெரிக்காவில் சோதித்தார்கள். முடிவுகள் 2010இல் வெளிவந்தன. பூட்டு நன்றாகவே வேலை செய்தது. விரும்பிய பலன் பூட்டில்லாதபோது 13.5 விழுக்காடு, பூட்டியபோது 57.2. ஆனால் அவசியமான சிகிச்சையே நான்கு நோயாளிகளுக்குத் தாமதமாயிற்று. சோதனையை நடுவிலேயே நிறுத்தினார்கள்.

எஞ்சியது கடினமான வழி: அற்ப எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகக் களைவது, உயிருக்கு உலை வைப்பவற்றை மட்டும் தனி உருவில் காட்டுவது. களைவதற்கு யாராவது உட்கார்ந்து பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டுமே!

எங்கள் உறைபெட்டிக்கு இப்பொழுது இரண்டு ஓசைகள். கதவுக்கு மெல்லிய கூவல். குளிர் குறைந்தால் தாழ்வாரத்தில் சங்கு. தோழர் மாதிரிகளை மீண்டும் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார். சனிக்கிழமைகளில் நானும் உடன் போகிறேன்.