வானியற் பேரவையும் உண்மையின் தராசும்

வானத்தை ஆராய்வோர் தனித்திருந்து நோக்குவர். கண்டதைக் கூடியிருந்து ஆராய்வர். இவ்வாறு கூடுதற்பொருட்டு 1919ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது சர்வதேச வானியற் சங்கம். பொதுவாக மூன்றாண்டுக்கொரு முறை நிகழும் அதன் பொதுப் பேரவை 1985இற் புது தில்லியிலும், 2024இல் ஆபிரிக்கக் கண்டத்தில் முதன்முறையாகக் கேப் டவுன் நகரிலும் கூடிற்று. புதியன கண்டோர் இத்தகைய அவைகளிலே தம் கண்டுபிடிப்பை எடுத்துரைப்பர். அவ்வாறு உரைப்பதனாற் பயன் யாது? அவை ஏற்றால் ஒன்று உண்மையாகிவிடுமா? மறுத்தாற் பொய்யாகிவிடுமா? இவ்வினாக்களை ஒரு தமிழறிஞரின் வரலாறு கொண்டு ஆராய்வோம்.

அதன்முன் நம்மவர் அறிந்த ஓர் உவமை. கந்தப்பளைத் தேயிலைத் தோட்டங்களிலே கொய்த கொழுந்து யாவும் மடுவத்துக்கு வருதல் வேண்டும். அங்கே கூடை தராசில் ஏறும், நிறை பலரறியக் கூறப்பெறும், கணக்கப்பிள்ளை பதிவார். மடுவம் கொழுந்தை உண்டாக்குவதில்லை. உள்ள நிறையைக் காட்டுவதே அதன் தொழில். கங்காணியின் குரல் எவ்வளவு உரத்திருப்பினும் தராசின் முள் அதற்கு அஞ்சி அசையாது. அறிஞர் பேரவையும் இத்தகைய மடுவமே ஆகும்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு இலாகூரிலே தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவர்; சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றவர்; சர் சி. வி. இராமனின் சகோதரர் மகன். 1930இல், பத்தொன்பது வயதில், மேற்படிப்பின்பொருட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அக்கடற்பயணத்திலேயே அவருடைய பெருங்கணிப்புத் தொடங்கிற்று.

எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் ஈர்ப்பினாலே தானே சுருங்கும். சுருங்கச் சுருங்க அதனுள் இருக்கும் இலத்திரன்கள் நெருங்கி, மேலும் நெருக்கப்படுவதை எதிர்க்கும். அவ்வெதிர்ப்பே விண்மீனைத் தாங்கி, அதனை ‘வெண்குறு விண்மீன்’ என்னும் அமைதி நிலையில் நிறுத்தும். எல்லா விண்மீனும் இவ்வாறே அடங்கும் என அக்காலத்தோர் கருதினர். சந்திரசேகரோ ஐன்ஸ்ரைனின் சார்புக் கொள்கையையும் சேர்த்துக் கணித்தார். இலத்திரன்களின் வேகம் ஒளியின் வேகத்தை அணுகும்போது, அவற்றின் எதிர்ப்பு ஈர்ப்புக்கு ஈடுகொடுக்க மாட்டாது. எனவே சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட திணிவு எஞ்சுமாயின், அவ்விண்மீன் வெண்குறு நிலையில் அமைதியுறாது. மேலும் சுருங்கியே தீரும். இவ்வெல்லை இன்று ‘சந்திரசேகர் எல்லை’ எனப்படுகிறது.

1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், இலண்டன் அரச வானியற் கழகத்தின் கூட்டத்தில் அவர் இதனை எடுத்துரைத்தார். அவருக்கு வயது இருபத்துநான்கு. அடுத்துப் பேச எழுந்தவர் சர் ஆர்தர் எடிங்ரன். 1919இன் சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்ரைனின் கொள்கைக்குச் சான்று திரட்டிய பேரறிஞர் அவர். சந்திரசேகரின் கணிப்புகளை அடிக்கடி விசாரித்து வந்தவருங்கூட. அவரே அம்முடிபு நகைப்புக்குரியதென்றும், விண்மீன் அவ்வாறு நடந்துகொள்ளாதபடி தடுக்க இயற்கையில் ஒரு விதி இருத்தல் வேண்டுமென்றும் மொழிந்தார். அவை நகைத்தது. அவ்வாண்டே பாரிசிற் கூடிய சர்வதேசப் பேரவையிலும் எடிங்ரன் மறுத்துரைத்தார். சந்திரசேகருக்கு மறுமொழி கூற இடமளிக்கப்படவில்லை. கூடையைத் தராசிலிடவும் இடம் பெறாதவர் நிலை எத்தகையது என்பதை மலையக மக்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. நீல்ஸ் போர், வொல்ப்காங் பௌலி போன்ற பௌதிக அறிஞர் சந்திரசேகர் பக்கமே நியாயமுண்டெனக் கருதினர். எனினும் அதனை வெளிப்படையாக உரைத்திலர். ஒருவர் தவறியது ஒரு குறை. அறிந்தோர் வாளாவிருந்தது பெருங்குறை.

சந்திரசேகர் சினந்தாரல்லர், பணிந்தாருமல்லர். 1939இல் விண்மீன்களின் அமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதி, தம் கணிப்பை அதில் முறைப்படப் பதிந்துவிட்டு, வேறு துறைகளிற் புகுந்தார். எடிங்ரனோடு அவர் கொண்ட நட்பும் முறியவில்லை. பின்னர்ச் சான்றுகள் ஒவ்வொன்றாக வந்தன. வெண்குறு விண்மீனினும் சுருங்கிய நியூத்திரன் விண்மீன்கள் உண்டென்பதை 1967இல் யோசலின் பெல் கண்ட துடிப்பு விண்மீன்கள் உணர்த்தின. 1983இற் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சூரியனைப் போல் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் திணிவுடைய இரு கருந்துளைகள் ஒன்றிய அதிர்வு 2015 செப்ரெம்பர் 14ஆம் நாள் பூமியிற் பதிவாயிற்று. நகைக்கப்பட்ட கணிப்பு சுட்டிய திசையிலேயே இயற்கை நின்றது.

ஆயின் பேரவைகள் வேண்டாவா? அவ்வாறு கொள்ளுதல் தகாது. 2006ஆம் ஆண்டு பிராக் நகரப் பேரவையிலே, புளூட்டோவைக் கோள் என்பதா, குறுங்கோள் என்பதா என்று வாக்கெடுத்தனர். கைகள் உயர்ந்தன, பெயர் மாறிற்று. புளூட்டோவின் திணிவோ பாதையோ அணுவளவும் மாறிற்றில்லை. பெயரிடுதலும் வரையறுத்தலும் அவையின் உரிமை; இயற்கையை மாற்றுதல் எவ்வவைக்கும் இயலாது. எனினும் பலர் முன் வையாத கண்டுபிடிப்பைச் சோதிப்பார் யார்? சோதிக்கப்படாதது அறிவியல் ஆகுமா? ஆதலின் அவை வேண்டும். அதில் இளையோர்க்கும் இடம் வேண்டும்.

மாணவர்காள்! தை, மாசி மாதங்களிற் பனிமூட்டம் விலகிய இரவில் வானை நோக்குமின். வேட்டுவன் கூட்டத்தின் நடுவிலுள்ள மூன்று விண்மீன்களின் நிரையைத் தென்கிழக்கே நீட்டினால், வானத்து விண்மீன்களிலெல்லாம் ஒளிமிக்க சிரியசு தோன்றும். அதற்கு ஒரு வெண்குறு துணையுண்டு, வெறுங்கண்ணுக்குப் புலப்படாது, 1862இலே தொலைநோக்கியாற் காணப்பெற்றது. சூரியனை ஒத்த திணிவு பூமியளவான உருண்டையில் அடங்கிய பொருள் அது; அதில் ஒரு கன சென்ரிமீற்றர் ஏறக்குறைய இரண்டு தொன் நிறைகொள்ளும். அதன் திணிவு சந்திரசேகர் எல்லைக்குட்பட்டது. ஆதலின் அது அமைதியுற்றிருக்கிறது.

அவ்வெல்லையைக் கணித்தவர் உங்களைப் போன்ற ஒரு மாணவரே. கணித்ததை அவைமுன் வைக்க அஞ்சாதீர். பெரியோரே, ஆசிரியரே! இளையோன் கூடையோடு வரும்போது குரலைத் தாழ்த்துவோம்; தராசை உயர்த்துவோம்.